இரண்டு டைவுக்கு நடுவே: குளிரை எப்படி விரட்டுவது, எப்படி விரட்டக்கூடாது

சிலிண்டரைச் சுமந்துகொண்டு குளிர்ந்த நீருக்கடியில் நாற்பது நிமிடம் இருந்துவிட்டு மேலே வரும் டைவரைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். உதடு நீலம் பாரித்திருக்கும். துடுப்புச் செருப்பின் வாரைக் கழற்ற விரல் ஒத்துழைக்காது. ஏதாவது கேட்டால் பல் தந்தியடிக்கும். சுற்றி நிற்பவர்களில் ஒருவர், "சீக்கிரம் போய் வெந்நீரில் குளி" என்பார். இன்னொருவர், "ஐயோ, டைவ் முடிந்ததும் சூடே ஆகாது" என்று தடுப்பார். மூன்றாமவர் நாலு தண்டால் எடுக்கச் சொல்வார். நாலாமவர் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டுவார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாமவர் சொல்வதில் மட்டும்தான் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியும் பல சமயம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

நீரிலிருந்து ஏறும் உடல் இரண்டு கணக்குகளைச் சுமந்துகொண்டு வருகிறது. ஒன்று, இழந்த வெப்பம். மற்றொன்று, ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்தபோது திசுக்களில் கரைந்த நைட்ரஜன். முதலாவதைத் திரும்பச் சேர்க்க வேண்டும், இரண்டாவதை வெளியேற்ற வேண்டும். இரண்டுக்கும் இருக்கிற வண்டி ஒன்றே ஒன்றுதான்: ரத்த ஓட்டம். ஒரு கணக்கை முரட்டுத்தனமாக நேர்செய்யப் போனால் மற்றது குளறுபடியாகும். இரண்டு டைவுக்கு நடுவில் மேலே இருக்கும் அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிய எல்லா அறிவுரைகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

நீர் எப்படி வெப்பத்தைத் திருடுகிறது

காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு, ஒரே அளவு கொள்ளளவை எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி சூடாக நீருக்குத் தேவைப்படும் வெப்பம் காற்றுக்குத் தேவைப்படுவதைப் போல் சுமார் 3,500 மடங்கு. அதாவது நம் தோலை உரசிப் போகும் நீர் எவ்வளவு வெப்பத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், அலுக்கவே அலுக்காது. 15 டிகிரி காற்றில் ஒரு சட்டையோடு உலாவலாம். 15 டிகிரி நீரில் அதே சட்டையோடு இருக்க முடியாது.

இதைத் தடுக்கத்தான் உடலோடு ஒட்ட அணியும் வெட்சூட். அதன் நியோப்ரீன் ரப்பருக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. காப்பது ரப்பர் இல்லை, அந்த வாயுதான். இதில் ஒரு சங்கடம் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் அதற்கேற்ப நசுங்கி, 30 மீட்டரில் கால் பங்காகிவிடும். குளிர் அதிகமாக இருக்கும் ஆழத்தில்தான் உடை மெலிந்துபோகிறது. குளிர்நாடுகளின் ஆழமான நன்னீர் ஏரிகளில் இது இன்னும் உறைக்கும். நன்னீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் மிக அதிகம் என்பதால், வெளியே கோடை கொளுத்தினாலும் ஏரியின் அடியில் 4 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரி. அங்கெல்லாம் வெட்சூட்டுக்கு வேலையே இல்லை, உள்ளே நீர் புகாத டிரைசூட்தான்.

மூச்சிலும் வெப்பம் போகிறது. சிலிண்டரிலிருந்து வரும் காற்று வறண்டது, விரிந்து வெளிவரும்போது இன்னும் குளிர்ந்துவிடுவது. ஒவ்வொரு மூச்சையும் நுரையீரல் சூடாக்கி ஈரமாக்கியாக வேண்டும். ஆழம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி கூடுவதால் இந்தச் செலவும் கூடும். இதற்கு எந்த உடையும் உதவாது.

சரி, மேலே வந்துவிட்டோம். குளிர் நின்றுவிட்டதா? இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் உண்டாக்குவது சுமார் 100 வாட், அதாவது மணிக்கு 86 கிலோகலோரி. நனைந்த வெட்சூட்டின் மேலும் உள்ளும் ஒரு லிட்டர் நீர் இருப்பது சாதாரணம். அது முழுதும் காற்றில் உலர்ந்தால், உடல் ஆறேமுக்கால் மணி நேரம் உழைத்து உண்டாக்கும் வெப்பத்துக்குச் சமமானது பறந்துபோகிறது. அத்தனையும் உடலிலிருந்தே போவதில்லை, ஒரு பங்கைச் சுற்றியுள்ள காற்று கொடுக்கும். ஆனால் காற்று வீசினால் ஆவியாதலும் வேகம் எடுக்கும். படகு ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வெயில் அடிக்கிறதே என்று நனைந்த உடையோடு படகின் முன்பக்கம் காற்று வாங்கியபடி உட்கார்ந்திருப்பவர், நீருக்குள் இழந்ததற்கு மேல் இங்கே கொஞ்சம் இழந்துகொண்டிருக்கிறார்.

அதனால், சூடு ஏற்றுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் இழப்பை அடைக்க வேண்டும். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றி என்ன பயன்?

முதல் பத்து நிமிடம்

கரையேறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, காற்றுக்கு மறைவாக ஓரிடம் பிடிப்பது. அடுத்தது தலை. தலை வழியாகத்தான் பாதி வெப்பம் போகிறது என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. அது சரியில்லை. உடலின் மேற்பரப்பில் தலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, வெப்ப இழப்பும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். மற்ற உறுப்புகளை மூடிவிட்டுத் தலையை மட்டும் திறந்துவைத்தால் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும், அது வேறு விஷயம். ஆனாலும் குல்லா அவசியம். குளிரில் கைகால்களின் ரத்த நாளங்கள் சுருங்கிக்கொள்வதுபோல் தலைத்தோலின் நாளங்கள் சுருங்குவதில்லை. அங்கே இழப்பு குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தலையை மூடிய ஈரமான ஹூடைக் கழற்றி, முடியைத் துடைத்து, உலர்ந்த கம்பளிக் குல்லாவை மாட்டுவதற்கு அரை நிமிடம் போதும். இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய பலன் வேறெதிலும் கிடையாது.

வெட்சூட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்பது எப்போதும் நடக்கும் வாதம். இடைவேளை அரை மணி நேரம்தான், வெளியே அவ்வளவு குளிரில்லை என்றால், கழற்றாமல் மேலே காற்றுப் புகாத நீள அங்கி ஒன்றைப் போட்டுக்கொள்வது போதும். அங்கி ஆவியாதலை நிறுத்திவிடும், உள்ளே இருக்கும் நீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் கழற்றிவிடுவதுதான் நல்லது என்பேன். கழற்றும்போது அம்மணமாக நின்று காற்றில் நடுங்குவதைவிட, அங்கிக்குள்ளேயே மேல்பாதியைக் கழற்றித் துடைத்து உலர்ந்த உடை போட்டு, அப்புறம் கீழ்ப்பாதிக்கு வரலாம். பருத்தி வேண்டாம். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், நனைந்தால் காப்பே இருக்காது. கம்பளியோ பாலியஸ்டர் ஃபிளீஸோ ஈரத்திலும் கொஞ்சம் காக்கும்.

காலை மறந்துவிடக்கூடாது. வெறுங்காலோடு கல்லிலோ படகின் தளத்திலோ நின்றால் அது நேரடியாகவே சூட்டை உறிஞ்சும். ஒரு ரப்பர் பாயைப் போட்டு அதன் மேல் நின்று உடை மாற்றுங்கள். அது பார்க்கச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் காலடியில் அப்படி ஒன்று இருப்பதும் இல்லாததும் அடுத்த ஒரு மணி நேரத்தில் தெரியும்.

டிரைசூட் போட்டவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. வெளியே உலர்ந்துதானே இருக்கிறோம் என்று உள்ளே கவனிக்க மாட்டார்கள். கருவிகளைத் தூக்கிச் சுமந்ததில் வியர்த்து உள்ளாடை ஈரமாகியிருக்கும், அல்லது கழுத்து வளையம் வழியாகக் கொஞ்சம் கசிந்திருக்கும். முதல் டைவில் பெரிதாகத் தெரியாத அந்த ஈரம் இரண்டாவதில் பல்லைக் காட்டும். உள்ளே போடும் காப்புடை இன்னொரு ஜோடி கையில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அது விலை கூடியது என்றால் காலுறையையும் கையுறையின் உள்ளுறையையும் மட்டுமாவது மாற்றலாம்.

நைட்ரஜன் பக்கத்துக் கணக்கு

இனி அந்த இரண்டாவது கணக்குக்கு வருவோம். அழுத்தம் கூடும்போது வாயு திரவத்தில் அதிகமாகக் கரையும், அழுத்தம் குறைந்தால் வெளியேறும். மெதுவாக வெளியேறினால் ரத்தம் அதை நுரையீரலுக்குக் கொண்டுபோய்விடும். வேகமாக வெளியேறினால் திசுவிலும் ரத்தத்திலும் குமிழியாகும். அதிகமானால் அழுத்த நீக்க நோய், மூட்டு வலியில் தொடங்கி கைகால் செயலிழப்பு வரைக்கும் போகக்கூடியது. எந்த விதியையும் மீறாத சாதாரண டைவுக்குப் பிறகும் பலரின் ரத்தத்தில் அறிகுறி காட்டாத குமிழிகள் இருப்பதை ஒலி அலைக் கருவிகள் காட்டுகின்றன. பெரும்பாலும் டைவ் முடிந்து அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் அவை உச்சத்தில் இருக்கும். சரியாகச் சொன்னால், நாம் குளிர் காய உட்காரும் நேரம்.

வெப்பம் இதில் இரண்டு வழியாகத் தலையிடுகிறது. முதலாவது ரத்த ஓட்டம். குளிர்ந்தால் கைகால், தோல் பகுதிகளின் நாளங்கள் சுருங்கும். அங்கே ரத்தம் குறைந்தால் நைட்ரஜன் உள்ளே போவதும் குறையும், வெளியே வருவதும் குறையும். இரண்டாவது கரைதிறன். குளிர்ந்த திரவம் வாயுவை அதிகம் பிடித்துவைக்கும், சூடானால் விட்டுவிடும். குளிர்ந்த சோடா பாட்டிலைத் திறந்தால் மெல்லச் சீறும், வெயிலில் கிடந்ததைத் திறந்தால் பொங்கிவிடும் அல்லவா, அதே கதைதான்.

இந்த முதல் வழி எவ்வளவு முக்கியமானது என்பதை அமெரிக்கக் கடற்படையின் சோதனை டைவிங் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று காட்டியது. ஃபுளோரிடாவில் உள்ள அழுத்தத் தொட்டியில் தன்னார்வ டைவர்களை 37 மீட்டருக்குச் சமமான அழுத்தத்துக்கு அனுப்பினார்கள். மேலேறும் நேரம் எல்லோருக்கும் ஒன்றேதான். மாறியவை அடியில் இருந்த நேரமும் நீரின் வெப்பமும்தான்: 36 டிகிரி அல்லது 27 டிகிரி. அடியில் வெதுவெதுப்பாகவும் ஏறும்போது குளிராகவும் இருந்தவர்களில், அடியில் 30 நிமிடம்தான் இருந்தும், 22 சதவீதம் டைவ்களில் அழுத்த நீக்க நோய் வந்தது. அடியில் குளிராகவும் ஏறும்போது வெதுவெதுப்பாகவும் இருந்தவர்கள் அடியில் 70 நிமிடம் இருந்தார்கள், அவர்களில் 1.3 சதவீதம்தான். இரண்டு மடங்குக்கு மேல் நேரம் இருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

27 டிகிரியை நாம் குளிர் என்றே சொல்ல மாட்டோம், அங்கே மேலேறும் நேரமும் மிக நீளம். எனவே இந்த எண்களை அப்படியே நம் டைவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. நைட்ரஜன் உள்ளே போகும்போது வெதுவெதுப்பாக இருந்து, வெளியே வரும்போது குளிர்ந்துபோவதுதான் மிக மோசமான சேர்க்கை. வெட்சூட்டில் குளிர்நீர் டைவ் கிட்டத்தட்ட இப்படித்தான் அமைந்துவிடுகிறது. சூடாக இறங்குகிறோம், அடியில் போய் வேலை செய்கிறோம், நடுங்கிக்கொண்டே ஏறுகிறோம். மேலே வந்து ஈர உடையோடு காற்றில் உட்கார்ந்தால் அந்த மோசமான கட்டம் இன்னும் நீள்கிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். டைவுக்குப் பிறகு சூடு ஆபத்து என்று எங்கேயோ கேட்டுவிட்டுக் குளிரிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அது பாதுகாப்பில்லை. குளிர்ந்த திசு நைட்ரஜனை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும், கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டரோ, ஆழத்தையும் நேரத்தையும் வைத்து, அது வெளியேறிவிட்டதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு உங்கள் தோல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று தெரியாது. வெதுவெதுப்பாக இருப்பது நல்லது, வேண்டியது. சிக்கல் வேகத்தில்தான்.

வெந்நீர் ஷவர் ஏன் அவசரப்படுத்தக்கூடாது

நடுங்கும் உடல் மேல் சுடச்சுட நீர் விழும்போது தோலும் அதன் அடித்திசுவும் சில நிமிடங்களில் சூடாகின்றன. கரைதிறன் உடனே குறைகிறது. ரத்த ஓட்டம் அந்த வாயுவை அள்ளிப் போகும் அளவுக்குப் பெருகுவதற்குள் வாயு இருந்த இடத்திலேயே குமிழியாகலாம். டைவுக்குப் பிறகு வெந்நீரில் குளித்தவர்களுக்குத் தோலில் அரிப்பும் திட்டுத்திட்டான தடிப்பும் வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. ஆழம் குறைந்த, குறுகிய டைவுக்குப் பிறகு இந்த அபாயம் சிறியதுதான். நீளமான, ஆழமான, நன்றாகக் குளிர்ந்த டைவுக்குப் பிறகு அதைச் சிறியது என்று ஒதுக்க மாட்டேன்.

இன்னொரு அபாயமும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நீரில் மூழ்கியிருக்கும்போது கைகால்களின் ரத்தம் நெஞ்சுப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது, குளிரும் அதையே செய்கிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்துச் சிறுநீரகம் வெளியேற்றத் தொடங்கும். குளிர்நீர் டைவர்களுக்கு எப்போதும் சிறுநீர் முட்டுவது இதனால்தான். (வெட்சூட்டுக்குள்ளேயே போனால் சூடாக இருக்கும் என்பவர்களுக்கு: அது உங்கள் உடலின் நடுவிலிருந்த சூடு. அது தோலுக்கு வந்ததும் கொஞ்ச நேரத்தில் நீரோடு போய்விடும். சுகம் உண்மை, லாபம் பொய்.) ஆக, கரையேறும்போது உடலில் நீர் குறைந்திருக்கும். அந்த நிலையில் வெந்நீர் தோலின் நாளங்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் ரத்த அழுத்தம் சரியும். வழுக்கும் குளியலறையில் தலைசுற்றி விழ அது போதும்.

எனவே வெதுவெதுப்பான நீரில் உப்பைக் கழுவிக்கொள்ளலாம், தவறில்லை. ஆவி பறக்கும் ஷவரும் சூட்டுத் தொட்டியும் கடைசி டைவ் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து. அதற்குள் உலர்ந்த உடையிலேயே உடம்பு தேறிவிடும், வெந்நீரின் அவசரமும் போய்விடும். பதறாத காரியம் சிதறாது என்பார்களே, இங்கே அது அப்படியே பொருந்தும்.

தண்டால் சொன்னவரையும் கவனிக்க வேண்டும். கடும் உடற்பயிற்சி வெப்பம் உண்டாக்கும், உண்மை. ஆனால் டைவுக்குப் பிறகு மூச்சு முட்ட உழைத்தால் குமிழிகள் நுரையீரலின் வடிகட்டியைத் தாண்டித் தமனிப் பக்கம் போவதற்கு வழி திறக்கக்கூடும். அதோடு நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே மூடாத ஒரு சின்ன வாசல் இருக்கிறது, பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. மூச்சை அடக்கி முக்கிப் பாரம் தூக்கும்போது அந்த வாசல் வழியாகக் குமிழி குறுக்கே பாயலாம். ஆற அமர நடப்பது, கையைக் காலை அசைப்பது, இவை போதும். காலிச் சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஓடுவது அந்த நேரத்து வேலையில்லை.

கோப்பைக்குள் எவ்வளவு சூடு?

சூடான பானம் பற்றி ஒரு கணக்குப் போடலாம். 60 டிகிரியில் 250 மில்லி தேநீர் நம் உடல் வெப்பத்துக்கு இறங்கும்போது கொடுப்பது சுமார் 6 கிலோகலோரி. 70 கிலோ உடலை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 58 கிலோகலோரி வேண்டும். ஆக, ஒரு கோப்பை உடலைப் பத்தில் ஒரு டிகிரிதான் உயர்த்தும். அதில் கரைத்த இரண்டு சிறிய கரண்டிச் சர்க்கரையில் மட்டும் 30 கிலோகலோரிக்கு மேல் இருக்கிறது. அதாவது தேநீரின் சூட்டைவிட அதன் இனிப்பில் ஐந்து மடங்கு சூடு. நடுக்கம் என்பது தசைகள் எரிபொருளை எரித்து வெப்பம் உண்டாக்கும் வேலை. சும்மா இருப்பதைப்போல் ஐந்து மடங்கு வரை அதனால் உண்டாக்க முடியும், அதற்கு மாவுச்சத்து வேண்டும். குளிர் டைவுக்கு நடுவே எதையாவது சாப்பிடச் சொல்வது இதற்காகத்தான். கோப்பையைக் கையில் பிடித்தால் விரல்கள் உயிர்பெறும், இழந்த நீரும் ஈடாகும். இரண்டும் சின்ன விஷயமில்லை. தேநீர், காபியிலுள்ள காஃபீனைக் கண்டு பயப்பட வேண்டாம், அளவோடு குடித்தால் உடலின் நீரை அது வற்றவைத்துவிடாது.

மதுவுக்கு இங்கே இடமே இல்லை. அது தோலின் நாளங்களைத் திறப்பதால் சூடு வந்ததுபோல் தெரியும். அது உள்ளிருந்த சூடு வெளியே போகிற உணர்வு. நடுக்கத்தையும் அது மட்டுப்படுத்தும், புத்தியையும்தான்.

சூடு தரும் கருவிகளைப் பற்றி

இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து சூடாகும் சின்னப் பைகள் கைக்கு இதமானவை. மேலே இருக்கும்போது துணிக்கு மேல் வைத்துப் பயன்படுத்தலாம். மரத்த தோலில் நேரே வைத்தால் சுடுவதே தெரியாமல் கொப்பளித்துவிடும். அவற்றை டிரைசூட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்குவது வேண்டாத வேலை. அவை ஆக்சிஜனால் சூடாகிறவை. அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கழுத்தம் கூடும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம், கழற்றி எறியவும் முடியாது.

மின்சாரத்தால் சூடாகும் உள்ளங்கிகளில் வேறு ஒரு வலை இருக்கிறது. இறங்கியதுமே போட்டுவிட்டால் அடியில் சுகமாக இருக்கும், ஏறும் நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். கடற்படைத் தொட்டியில் 22 சதவீதம் வந்த சேர்க்கை அதுதான். அடியில் அணைத்தோ குறைத்தோ வைத்துவிட்டு ஏறும்போது கூட்டுவதே சரியான முறை.

கருவிகளிலேயே உயிருக்கு உலை வைப்பது, கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்காயும் கார், அடைத்த கூடாரத்துக்குள் வாயு அடுப்பு, புகை பின்பக்கமாகச் சுழன்று உள்ளே வரும் படகுக் கூடம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று அது காட்டும் அறிகுறிகளைக் கடல் ஒவ்வாமை என்றோ களைப்பு என்றோ தள்ளிவிட்டு அடுத்த டைவுக்கு இறங்கிவிட முடியும். சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரசரின் காற்றுவாய் அந்தப் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் விஷத்தை முதுகிலேயே கட்டிக்கொண்டு போவது மாதிரி. காரில் குளிர்காயலாம், திறந்த இடத்தில், சன்னலை இறக்கிவைத்து, புகைக்குழாயில் அடைப்பில்லை என்று பார்த்த பிறகு.

இரண்டாவது முறை இறங்குவதா?

மேலே வந்த பிறகும் உடலின் உள் வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். குளிர்ந்த கைகால்களும் தோலும் நடுப்பகுதியிலிருந்து தொடர்ந்து சூட்டை இழுக்கின்றன. வெளியே உடம்பு தேறியதாகத் தெரிந்தாலும் உள்ளே கடன் அடைபட்டிருக்காது. இரண்டாவது டைவில் முதல் டைவைவிடச் சீக்கிரம் குளிர்வது இதனால்தான். நாள்கணக்கில் தொடர்ந்து டைவ் செய்கிறவர்களுக்கு இது சேர்ந்துகொண்டே போய், பெரிய நடுக்கம் எதுவும் காட்டாமலே ஒரு மந்தத்தில் கொண்டுபோய் விடும். எதிலும் விருப்பமில்லாமல், எதற்கெடுத்தாலும் எரிச்சலோடு இருக்கும் கூட்டாளியைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் அவர் எத்தனை டைவ் முடித்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்வது. கையின் தோல் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் விரல்களின் நுட்பமான வேலைத்திறன் குறையத் தொடங்கும். தொட முடியாத கையால் நீருக்கடியில் கொக்கியையோ காற்றேற்றும் பொத்தானையோ இயக்க முடியாது. பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா என்பதையும் பாருங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடம்பு சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் அது தேறிய அறிகுறியில்லை. உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. அப்போது படுக்கவைத்து, ஈரத்தை அகற்றி, போர்த்தி, கைகாலைத் தேய்க்காமல் உதவிக்கு ஆள் கூப்பிடுவதுதான் வேலை.

எல்லாம் சரியாக இருந்து இறங்குவதென்று முடிவானால், இரண்டாவது டைவ் முதலாவதைவிடக் குறுகியதாகவும் ஆழம் குறைந்ததாகவும் இருக்கட்டும். டைவிங் பயிற்சி தரும் பாடி (PADI) அமைப்பின் டைவ் அட்டவணையிலேயே, குளிர்ந்த நீர் என்றால் உண்மை ஆழத்தைவிட 4 மீட்டர் கூடுதலாக வைத்துக் கணக்கிடச் சொல்லியிருக்கிறார்கள். நடுங்கத் தொடங்கியதும் திரும்புவது என்று முன்கூட்டியே கூட்டாளியோடு பேசிக்கொள்ளுங்கள். நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்பே என்றால் இன்னும் நல்லது. ஈர வெட்சூட்டை மறுபடி மாட்டுவது எவருக்கும் பிடித்த காரியமில்லை. அதைக் காற்றில் தொங்கவிடாமல் மடித்து மூடி வைத்திருந்தால் கொஞ்சம் தாங்கும். ஹூடும் கையுறையும் இரண்டு ஜோடி வைத்திருப்பது அதைவிட உதவும். ஃபிளாஸ்கில் கொண்டுவந்த வெதுவெதுப்பான நீரைக் கையுறைக்குள்ளும் காலணிக்குள்ளும் ஊற்றிக்கொண்டு இறங்கினால், குளிர்நீர் முதலில் வந்து உட்கார இடம் இருக்காது. அந்த நீரின் சூட்டை மட்டும் உங்கள் மரத்த கையால் பார்க்காதீர்கள். டைவ் செய்யாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மரத்துப்போதல், கூச்சம், அசதி, மூட்டில் ஒரு மந்தமான வலி: குளிருக்கும் இவைதான், அழுத்த நீக்க நோய்க்கும் இவைதான். அந்த நேரத்தில் எது எதென்று பிரிக்க முடியாது. உலர்ந்த உடையில், சூடான இடத்தில் உட்கார்ந்து மற்ற விரல்களெல்லாம் உயிர்பெற்ற பிறகும் ஒரு கை மட்டும் மரத்தபடியே இருந்தால், அதைக் குளிர் என்று சொல்லித் தள்ளிப்போடக்கூடாது. அடுத்த டைவை ரத்து செய்துவிட்டு, தூய ஆக்சிஜனைக் கொடுக்கத் தொடங்கி, டைவிங் மருத்துவம் தெரிந்தவரை உடனே அழையுங்கள்.